ராகுகாலத்துக்கு முன் ஒட்டிய கதவு

வண்டியூர்,
18-11-2024, இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

ரோகிணி எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டேன். நீ முதலில் அதைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை என் வகுப்பு நாஸியாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவள் அம்மா ஹாஜராவை உனக்குத் தெரியும். முனிச்சாலையில் தையல் கடை வைத்திருக்கிறார், என் யூனிபார்மைப் பிரித்து அகலமாக்கித் தந்தவர். நீ பதில் எழுதினால் அவர் கடை முகவரிக்கே எழுது. வீட்டுக்கு எழுதாதே. போனிலும் எதுவும் கேட்காதே. என் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அப்போது நான் பேசுவது எதையும் நான் பேசியதாக நினைக்காதே.

கணக்கு நோட்டுக்குள் தாளை வைத்து எழுதுகிறேன். ஹாலில் டிவி ஓடுகிறவரை எழுதலாம். சத்தம் நின்றால் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு செய்தி சொன்னால் நம்பமாட்டாய். அப்பா நம் அடுப்படிக் கதவுகளைப் புதுசாக்கப் போகிறார். ஆசாரியைக் கூப்பிடவில்லை, தானே செய்யப் போகிறாராம். அலமாரிப் பெட்டிகள் அப்படியே இருக்கும். கதவுகளை மட்டும் கழற்றி, பழைய மைக்காவை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் புது மைக்கா ஒட்ட வேண்டும். கீலும் கைப்பிடியும் புதிது. அவ்வளவுதானாம். ஆபீஸ் விட்டு வந்ததும் அந்த வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காசிமாயன் பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, தல்லாகுளம் ஆபீஸ்ல சீட்டக் கிழிச்சுப்புட்டாய்ங்களா? உளியத் தூக்கிட்ட?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் பல் தெரியச் சிரித்தார்.

"அவ வரும்போது அடுப்படி புதுசா இருக்கணும்ணே" என்றார்.

கதவுகளைக் கழற்ற நான்தான் உதவினேன். முதலில் கழற்றியது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கு வலப்பக்கம், மேல் வரிசையில் இருக்கிற கதவு. பெரியப்பா அதன் கீழ்ப்பக்கத்து விரிசலைத் தடவிப் பார்த்து, "நல்ல பிளைவுட்டுடா, இது எப்புடி வெடிச்சுச்சு?" என்று கேட்டார். "கரையான்ணே" என்றார் அப்பா. நான் குனிந்து ஸ்க்ரூ பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்க்ரூ எதுவும் இல்லை. இருந்தாலும் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

உன் தலையில் தையல் பிரித்துவிட்டார்களா? அந்த இடத்தில் முடி முளைக்கிறதா?

உன் மகள்
ரோகிணி


உசிலம்பட்டி,
24-11-2024

என் தங்கமே ரோகிணி,

உன் கடிதம் வந்தது. ஹாஜராம்மா உறையின்மேல் தன் கையாலேயே முகவரி எழுதியிருந்தார். அதனால் இங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜாக்கெட் அளவு கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

தையல் பிரித்தாகிவிட்டது. முடி குட்டையாக முளைத்துக் குத்திக்கொண்டு நிற்கிறது. சீப்பு படும்போது மட்டும் ஞாபகம் வருகிறது. நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. உனக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள்? இரட்டைச் சடை வராவிட்டால் ஒற்றையாகப் போட்டுக்கொண்டு போ, டீச்சரிடம் கெஞ்சிச் சொல்.

இங்கே மாமா வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் ஆசை. உன் அத்தை நல்லவள்தான். ஆனால் எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி பாத்திரத்தில் கொஞ்சம் பலமாக இடிக்கிறது. மாமா சாப்பிட்டுக் கை கழுவும்போதெல்லாம், "என்ன பாண்டி, என்ன முடிவு பண்ணிருக்க?" என்று கேட்கிறார். தை மாதம் அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "வார சம்பந்தகாரய்ங்க, பொண்ணோட அத்த ஏன் இங்கன இருக்காகன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்கிறார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தானே.

உன்னையும் இங்கே அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "அப்பன் வீட்ல இருந்து பன்னெண்டாவது படிக்கிற புள்ளய எதுக்குக் கெளப்புற? நீ போ, அதான் சரி" என்று சொல்லிவிட்டார். அவரே மதுரைக்கு வந்து உன் அப்பாவைக் கண்ணால் பார்க்கப் போகிறாராம். உன்னிடம் கேட்கப் போகிறாராம். "ரோகிணி வாயால ஒரு வார்த்தை வரட்டும், அப்பா மாறிட்டாருன்னு. கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே எல்லாம் உன் வார்த்தையில் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தலையில் இதை வைக்கிறோமே என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால், யார் என்ன சொன்னாலும் வரமாட்டேன். எனக்காக யோசிக்காதே. உள்ளதை எழுது.

கதவை மாற்றுகிறவர் அந்த மேல் அலமாரியையும் ஒரு சாண் இறக்கி மாட்டினால் நன்றாக இருக்கும். இத்தனை வருஷமாக ஸ்டூல் போட்டுத்தான் ஏறுகிறேன். நீ இதை அவரிடம் சொல்லாதே. சும்மா உன்னிடம் சொன்னேன்.

அம்மா
பாண்டீஸ்வரி


வண்டியூர்,
02-12-2024, இரவு

அன்புள்ள அம்மா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கதவுகளை ஒட்டியாகிவிட்டது. நடந்ததை எல்லாம் அப்படியே சொல்கிறேன்.

முந்தைய நாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்கு அப்பா என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் மைக்காத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் போட்டார். "அம்மாவுக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நான் வெந்தயக் கலரைக் காட்டினேன். சரிதானா?

ஒட்டுவது நான் நினைத்த மாதிரி இல்லை. ரப்பர் பசையைக் கதவிலும் தடவ வேண்டும், ஷீட்டின் முதுகிலும் தடவ வேண்டும். தடவியதும் ஒட்டக்கூடாது. சும்மா விட்டுவிட வேண்டும். விரலால் தொட்டால் பசை விரலோடு வரக்கூடாது, அப்படிக் காய்ந்த பிறகு வைத்து அழுத்தினால்தான் விடாமல் பிடிக்கும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பிறகு உப்பிவிடுமாம். வீடியோவில் அந்த ஆள் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். அப்பாவும் எனக்குச் சொன்னார்.

ஆனால் கதவுகளைத் தேய்த்து முடிக்கவே நேரமாகிவிட்டது. பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம நாலரைக்கு ராகுகாலம்டா. மொதக் கதவ அதுக்குள்ள ஒட்டிரு. பொண்டாட்டி வரணும்னு செய்யிற வேலை, அத ராகுலயா ஆரம்பிப்ப?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் கதவு அந்த விரிசல் கதவுதான். அப்பா அதில் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பசை தடவியபோது நாலரை ஆகப்போகிற நேரம். நான் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

"இன்னும் ஈரமா இருக்குப்பா."

"மணியாச்சு. அந்தப் பக்கம் புடி."

ஒட்டிவிட்டோம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மற்றக் கதவுகளை எல்லாம் ஆறு மணிக்குமேல், பசை நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினோம். கடைசிக் கதவை ஒட்டி முடித்ததும் அப்பா என்னைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அப்பா நேற்று கோபமே படவில்லை. கத்தி வழுக்கி ஒரு ஷீட்டின் மூலை உடைந்தபோதுகூட, "போகுது போ" என்றார்.

நான் ஸ்க்ரூ டப்பாவைக் கொட்டிவிட்டேன். தரையில் சத்தம் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா ஒன்றுமே செய்யவில்லை. "பொறுக்கு" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா சிரித்தார். நான் ஏன் அப்படி ஓடினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வந்துவிடு என்று எழுத வேண்டும் போல இருக்கிறது. நீ இல்லாமல் இந்த வீட்டில் விளக்கைப் போட்டாலும் இருட்டாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதப் போனால் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுச் சொல்லட்டுமா?

மேல் அலமாரி இறங்கவில்லை அம்மா. பெட்டியைத் தொடவே இல்லை.

உன்
ரோகிணி


உசிலம்பட்டி,
09-12-2024

தங்கமே,

வெந்தயக் கலர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பரவாயில்லை. எனக்கு என்ன கலர் பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தேன். எனக்கும் சட்டென்று வரவில்லை.

நீ எழுதியதில் அப்பாவைப் பற்றிய நல்ல சேதியெல்லாம் படித்தேன். பொய் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நல்ல நாள்கள் உண்டு. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு ஊஞ்சல்கூடத் தன் கையாலேயே மாட்டித் தந்திருக்கிறார். ஆனால் டப்பா விழுந்ததும் நீ கதவுக்குப் பின்னால் போய் நின்றாயே, அந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு நீ வெட்கப்படாதே. நானும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே வருகிறார். உன்னிடம் கேட்கும்போது அப்பா பக்கத்திலேயேதான் இருப்பார். அந்த நேரத்தில் எது சொன்னால் உனக்கு நல்லதோ அதைச் சொல்லிவிடு. அதை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். எனக்கு நீ எழுதுவதைத்தான் நம்புவேன்.

அரையாண்டுப் பரீட்சை நன்றாக எழுது. வெறும் வயிற்றோடு போகாதே.

அம்மா


வண்டியூர்,
16-12-2024, இரவு

அம்மா,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே. இடது கையால் எழுதுகிறேன். அதனால் மெதுவாகத்தான் வரும்.

நேற்று மாமா வந்தார். வாழைப்பழமும் மிக்சரும் வாங்கி வந்தார். அப்பா அவரை நேராக அடுப்படிக்குக் கூட்டிப் போனார். கதவுகள் எல்லாம் மாட்டிப் பளபளவென்று இருந்தன. மாமா ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்தார்.

"அடேயப்பா, ஆசாரிமாரெல்லாம் தோத்தாய்ங்க போ மாப்ள."

"எல்லாம் நானே செஞ்சது மச்சான். இவளும்தான் ஒத்தாசை."

அடுப்புக்குப் பக்கத்துக் கதவுக்கு வந்தார்கள். காலையில் குழம்பு கொதித்த சூடோ என்னவோ, அந்த மைக்கா நடுவில் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. மாமா கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போனது. விரலை எடுத்ததும் திரும்ப எழும்பியது.

"பசை சரியில்ல மச்சான். கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்களா, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இல்ல மாமா, ராகுகாலம் வந்துருச்சுன்னு ஈரத்தோட ஒட்டிட்டோம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். மாமா பெரிதாகச் சிரித்தார். "மாப்ள, சாமிக்குப் பயந்தீக, பசைக்குப் பயப்படலயே!" அப்பாவும் சிரித்தார்.

மாமா இன்னும் பலமாக அழுத்தினார். ஓரம் பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே பட்டி உதிர்ந்து அந்த விரிசல் தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார். அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு போனவருக்குத் தெரியாதா, உன் காயம் எங்கே இருந்தது என்று? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"லேசா காத்து நிக்குது. வேறொண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அப்புறம் ஹாலில் வைத்து என்னிடம் கேட்டார். "என்னத்தா, அப்பா எப்புடி இருக்காரு?"

"நல்லா இருக்காரு மாமா."

"மாறிட்டாரா?"

"ம்."

உடனே உனக்கு வீடியோ கால் போட்டார்கள். நீ சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாய். நீ வேறு எதுவும் கேட்காமல் இருந்ததற்கு நன்றி அம்மா. மாமா, "நாளைக்கு மார்கழி பொறக்குது. நல்ல காரியம் வேணாம். தை பொறந்ததும் கொண்டாந்து விடுறேன் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மாமாவின் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. அப்பா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்.

"எங்க ஈரம் இருந்துச்சுன்னு சொன்ன? காட்டு."

அந்தக் கதவு திறந்திருந்தது. ஓரத்தில் விரலை வைத்து, இங்கே என்று காட்டினேன். அவர் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இப்ப ஒட்டுதா?" என்று கேட்டார்.

அதற்குமேல் எழுத வேண்டாம். பிறகு அவரேதான் ஈரத்துணி சுற்றினார். கே.கே. நகரில் ஒரு கிளினிக்குக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், "அப்பா வேணும்னா செஞ்சேன்? நீ ஏன் ஆளுக முன்னாடி அப்புடிப் பேசுற?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் எலும்பு விட்டிருக்கிறதாம். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். கதவில் மாட்டிக்கொண்டது என்று நான் சொன்னேன். அது பொய்கூட இல்லை. வெளியே வந்ததும் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் என்ன ஆகுமோ என்று சாப்பிட்டேன்.

இன்று இயற்பியல் பரீட்சை. பேப்பரை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மிஸ் வந்து கட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த பரீட்சைக்கு எழுத ஆள் வைக்கலாம் என்றார். நாஸியாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் அவள் அம்மாவிடம் சொல்வாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ உள்ளதை எழுதச் சொன்னாய். எனக்கு நீ வேண்டும். எனக்குத் தலை பின்னிவிட ஆள் வேண்டும். இந்தக் கட்டோடு சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனால் சாப்பிடுகிறேன். ராத்திரி உன் பக்கத்தில் படுக்க வேண்டும். இத்தனையும் எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ வராதே. தை பிறந்து மாமா கிளம்பு என்றாலும் கிளம்பாதே. அப்பா மாறிட்டார் என்று நான் சொன்னதாக யார் சொன்னாலும் வராதே. எனக்குப் பொதுத்தேர்வு முடிந்தால் நான் எப்படியாவது

டிவி நின்றுவிட்டது.


முனிச்சாலை,
19-12-2024

ரோகிணிக்கு,

எந்த ஊர் என்று போட்டிருக்கிறேன் பார். நான் உசிலம்பட்டியில் இல்லை. ஹாஜராம்மா கடையில், தையல் மிஷின் பலகைமேல் வைத்து இதை எழுதுகிறேன். நாளைக் காலை பரீட்சைக்கு முன்னால் நாஸியா இதை உன்னிடம் தருவாள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் கடிதம் நேற்றுக் காலையில் கிடைத்தது. மாமா முன்னால் அதை வைத்தேன். படித்தார். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "புள்ள என்னமோ பயத்துல எழுதிருக்கு" என்றார். அண்ணே, அந்தக் கதவ நீ பார்த்தியா இல்லையா என்று கேட்டேன். அத்தைதான் பேசினாள். "இப்ப நீங்க போகலைன்னா, எங்க மக கல்யாணத்துக்கு அப்பறம் நீங்க எங்க இருப்பீக?" என்றாள். மாமா கடைசியில், "புருசன் வீட்டுக்குப் போறதுன்னா நான் கூட்டிட்டுப் போறேன். வேற எங்கயும் போறதுன்னா இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காத" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் போனதை அவர் இப்போதைக்கு உன் அப்பாவிடம் சொல்ல மாட்டார். தங்கச்சி சொல் கேட்காமல் கிளம்பிவிட்டாள் என்று தன் வாயால் சொல்வது அவருக்குக் கேவலம். அதுவும் ரொம்ப நாள் தாங்காது. அதனால்தான் நாளைக்கே.

நீ வராதே என்று எழுதினாய். அந்த வீட்டுக்கு நான் வரவில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறேன்.

நாளைப் பரீட்சையிலிருந்து வீட்டுக்குப் போகாதே. நாஸியாவோடு வாசலுக்கு வா. நான் ஹாஜராம்மாவோடு ஆட்டோவில் இருப்பேன். அங்கிருந்து முதலில் மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறோம். அங்கே நான் பேசுவேன். நீ கையை மட்டும் காட்டினால் போதும். கே.கே. நகரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டார்களாம், ஹாஜராம்மா பேசி வைத்திருக்கிறார். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை தருவார்கள். ஜன்னல் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு பேர் படுக்கலாம்.

உன் அப்பா அங்கேயும் வந்து நிற்பார். பள்ளிக்கூட வாசலிலும் நிற்பார். இனி பயமே இருக்காது என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம்தான். ஆனால் பயப்படுகிற நேரத்தில் நீ ஒரு வீட்டிலும் நான் ஒரு வீட்டிலும் இருக்க வேண்டாம்.

வீட்டிலிருந்து எதையும் எடுத்து வராதே. துணி வேண்டாம், போன் வேண்டாம். பள்ளிக்கூடப் பையில் என்ன எப்போதும் இருக்குமோ அது மட்டும் இருக்கட்டும். நாஸியா இதைத் தரும்போது நீ வீட்டைவிட்டு வந்திருப்பாய் என்பதால் அதற்கும் வழியில்லைதான். இருந்தாலும் சொல்கிறேன், மறந்ததை எடுக்கப் போகிறேன் என்று திரும்பிப் போய்விடாதே.

அப்பா உன்னை வண்டியில் கொண்டுவந்து விடும்போது எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டிருப்பார். நீ எப்போதும் சொல்கிற நேரத்தைச் சொல்லியிருப்பாய். அந்த நேரத்துக்கு அவர் வாசலில் வந்து நிற்பார், அதற்கு அரைமணி முன்னாலேயே நாஸியாவோடு எழுந்து வெளியே வந்துவிடு. பரீட்சை போனால் போகட்டும்.

அம்மா